லாரி சாமியும் பன்னிரண்டாம் கேள்வியும்

என் இருபத்து நான்கு வருட உத்தியோகத்தில் யாரும் என் காலில் விழுந்ததில்லை. விழும்படியான உத்தியோகமும் இல்லை அது. பிறகு ஓர் ஆவணி மாதம், மூன்றே நாளில், கும்பல் கும்பலாக வந்து விழுந்தார்கள். அப்படி விழுந்தவர்களில் ஒருவர், நான் அப்போது ஆய்வு செய்துகொண்டிருந்த ஆலையின் எரிபொருள் பொறுப்பாளர். இந்தக் கதையை எங்கள் அலுவலகத்தில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். புதிதாகச் சேருகிறவர்கள் என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். அடுத்த மாதம் ஓய்வு பெறப்போகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதி வைத்துவிட்டுப் போவது நல்லது.

முதலில் என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். நிலக்கரிக்குப் பதிலாக உமி, கரும்புத் தோகை, மல்லாட்டைத் தோல் என்று விவசாயக் கழிவை எரிக்கும் பாய்லர்கள் எங்கள் மாவட்டத்தில் நிறைய உண்டு. மல்லாட்டை என்றால் நிலக்கடலை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். அப்படி எரிக்கும் ஆலைக்கு, 'இது நீடித்து நிற்கக்கூடிய எரிபொருள்' என்று ஒரு சான்று வேண்டும். சான்று இருந்தால்தான் வெளிநாட்டுக்காரர் சரக்கு வாங்குவார். அந்தச் சான்றுக்காக பயோமாஸ் அசெஸ்மென்ட் செய்யும் தனியார் நிறுவனத்தில், திருவண்ணாமலை பக்கம் வேங்கிக்கால் கிளையில், நான் சீனியர் அசெஸர். பெயர் பத்மராஜ்.

எங்கள் படிவத்தில் இருபது கேள்விகள். எங்கிருந்து வருகிறது, ஈரப்பதம் எவ்வளவு, அடுத்த வருடமும் கிடைக்குமா என்று போகும். பன்னிரண்டாவது கேள்வி இது: 'இந்தக் கழிவை இதற்கு முன் யார் பயன்படுத்தி வந்தார்கள்?' இது ஏன் என்றால், யாரோ ஒருவர் அடுப்பில் எரித்துக்கொண்டிருந்த தோலை ஆலை அள்ளிக்கொண்டு போனால், அந்த ஆள் மரத்தை வெட்டப் போவார். மொத்தத்தில் ஒரு லாபமும் இல்லை. நல்ல கேள்விதான். ஆனால் ஆலைக்குள் உட்கார்ந்துகொண்டு யாரைக் கேட்பது? எல்லோரும் 'யாரும் இல்லை' என்று எழுதிவிட்டுப் பதின்மூன்றுக்குப் போய்விடுவோம். நானும் அப்படித்தான் போனேன்.

பப்பாளி

அது ஓர் அட்டை ஆலை. பெயர் வேண்டாம். பாய்லருக்கு முழுக்க முழுக்க மல்லாட்டைத் தோல் என்று காகிதம் சொன்னது. ஆலைக்குப் பின்னால் கல்யாண மண்டபம் அளவுக்குத் தோல் குவித்து வைத்திருந்தார்கள். சுற்று வட்டாரத்தில் மல்லாட்டை உடைக்கும் மில் எல்லாவற்றிலும் பேசி வைத்து, ஒரு மூட்டை வெளியே போகாமல் வாங்கிவிடுவார்கள்.

எரிபொருள் பொறுப்பாளர் தனசேகர் மரியாதையான மனிதர். முதல் வருடம் போனபோது அந்தக் குவியலின் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பப்பாளிச் செடி நின்றது. இரண்டாம் வருடம் அது மரமாகிக் காய்த்திருந்தது. தனசேகர் ஒரு பழத்தை அறுத்துத் தட்டில் வைத்துக் கொடுத்தார். நல்ல இனிப்பு. நான் இரண்டாவது தட்டும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் வருடமும் பழம் சாப்பிட்டுக் கையெழுத்துப் போட்டேன். நான்காம் வருடம் பப்பாளி என் தலைக்கு மேல் போயிருந்தது. பக்கத்தில் இரண்டு குட்டிகள். ஈரப்பதம் பார்க்கும் மீட்டரை மூட்டையில் சொருகிக்கொண்டே அண்ணாந்து பார்த்தபோதுதான் என் மரமண்டையில் ஏறியது. தினமும் அள்ளி எரிக்கிற குவியலில் மரம் எப்படி வளரும்?

தனசேகரைக் கேட்டேன். அது ஓரத்து ஸ்டாக், நடுவிலிருந்துதான் அள்ளுகிறோம் என்றார். குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. நான் தலையாட்டிவிட்டு, அடுத்த மாதக் கடைசியில் கையெழுத்துக்கு வருகிறேன் என்று கிளம்பினேன். இந்தத் தடவை பப்பாளி வேண்டாம் என்று சொன்னதில் அவர் கொஞ்சம் வருத்தப்பட்டார்.

ஆரஞ்சு ஜாக்கெட்

சந்தேகம் வந்தால் எங்கள் தொழிலில் ஒரு பழைய வழி உண்டு. ரோட்டில் உட்கார்ந்து வண்டி எண்ணுவது. மூன்று நாள் எண்ணினால் ஆலைக்கு உண்மையில் என்ன போகிறது என்று தெரிந்துவிடும். அடி அண்ணாமலை தாண்டி, கிரிவலப் பாதையைக் குறுக்கே கடந்துதான் அந்த ஆலைக்கு லாரிகள் போயாக வேண்டும். அங்கே ஒரு புங்கமரம். அதன் அடியில் உட்கார்ந்தேன்.

இங்கே நான் சில விவரங்களைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, ஆலைக்குப் போய்வந்த மறுநாளே முகத்தில் ஏதோ அரிப்பு வந்து, இரண்டு மாதம் சவரம் செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லி, இப்போது ஒரு மாதத் தாடி இருந்தது. அடுத்தது, ரோட்டில் எண்ணுகிறவர் ஆரஞ்சு நிற சேஃப்டி ஜாக்கெட் போட வேண்டும் என்பது கம்பெனி விதி. வெயிலில் அதன் பளபளப்புப் பட்டைகள் கண்ணைக் கூசச் செய்ததால் ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். உள்பக்கம் வெறும் ஆரஞ்சு. அப்புறம், எண்ணும்போது நான் யாரிடமும் பேசமாட்டேன். ஒரு முறை செய்யாறு பக்கம் அரசியல் பேசப் போய் ஒரு நாள் கணக்கு முழுக்கப் பாழானது. கையில் டாலி கவுண்டர் என்ற எண்ணும் கருவி வேறு. லாரி போனால் கட்டை விரலால் ஒரு கிளிக்.

தாடி, காவி மாதிரி ஒரு நிறம், மௌனம், விரலில் ஏதோ எண்ணுகிறது. திருவண்ணாமலையில் இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஒன்பது மணிக்கு முதல் வாழைப்பழம் வந்தது. வைத்த அம்மாள் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அதை ஆசீர்வாதம் என்று நினைத்து அவருடைய வீட்டுக்காரரும் வந்து கும்பிட்டார். பத்து மணிக்கு ஒருவர் என் நெற்றியில் விபூதி பூசினார். நாங்கள் நயினார் குடும்பம், தமிழ்ச் சமணர்கள். எங்கள் வீட்டில் யாரும் விபூதி பூசுவதில்லை. ஆனால் அதே நேரம் வரிசையாக மூன்று லாரிகள் வந்துகொண்டிருந்தன. வாயைத் திறந்தால் எண்ணிக்கை போய்விடும். பூசட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் ஒரு குடும்பம் சுடச்சுட வெண்பொங்கல் கொண்டு வந்தது. பொழுது சாய்ந்துவிட்டிருந்தது. சூரியன் இறங்கிய பிறகு நாங்கள் சாப்பிடுவதில்லை. தட்டைத் தள்ளி வைத்தேன். சாமி அன்னம் தொடுவதில்லை என்று செய்தி பரவி, இன்னும் பத்துப் பேர் வந்தார்கள்.

ஒருவர் மட்டும் ஏமாறவில்லை. புங்கமரத்துக்கு எதிரே பொரிக்கடை வைத்திருக்கும் அஞ்சலை. பின்பக்கம் அடுப்பு, மணலைக் காயவைத்து அரிசிப் பொரி பொரிப்பார். முன்பக்கம் படியளந்து விற்பார். நான் எழுந்து பைக்கை எடுக்கப் போனபோது கிட்டே வந்தார்.

"காலையில ஹெல்மெட்டோட வந்து எறங்கினதப் பார்த்தேன் சார். யாருகிட்டயும் சொல்லல. உங்களால இன்னைக்கு எனக்கு யாவாரம் ஜாஸ்தி. நாளைக்கும் வாங்க."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் நீட்டிய பொரியை, பொழுது சாய்ந்தால் சாப்பிடுவதில்லை என்று சொல்லி மறுத்தேன். பேச்சை மாற்றுவதற்காக, அடுப்புக்கு என்ன எரிக்கிறீர்கள் என்று கேட்டேன். தொழில் புத்தி. அவர் சொன்னது இது. பதினைந்து வருடமாக மல்லாட்டைத் தோல்தான் எரித்து வந்தார். தோல் தீ சட்டி முழுக்கச் சமமாகப் பரவும். விறகுத் தீ ஒரு பக்கமாக அடிக்கும். பாதிப் பொரி கருகும், பாதி பொரியாது. மூன்று வருடமாகத் தோல் ஒரு மூட்டைகூடக் கிடைக்கவில்லை. ஏதோ ஓர் ஆலை மொத்தமாக வாங்குகிறதாம். கார்த்திகை தீபத்துப் பொரி விற்றுத்தான் வருஷம் ஓடுகிறது. போன இரண்டு கார்த்திகையும் கருகல் சரக்கு என்று வியாபாரிகள் திருப்பிவிட்டார்கள். இந்தக் கார்த்திகைக்கும் தோல் கிடைக்காவிட்டால் அடுப்பை இடித்துவிட்டு, மகள் வீட்டுக்கு ஓசூருக்குப் போய்விடுவதாக இருந்தார்.

நான் மூன்று வருடமாக எழுதிய 'யாரும் இல்லை' எதிரே நின்று பேசிக்கொண்டிருந்தது. பைக்கை உதைத்தேன், ஐந்தாறு தரம் உதைத்தும் ஸ்டார்ட் ஆகவில்லை. பிறகுதான் சாவி போடவில்லை என்று பார்த்தேன்.

கிளிக்

முதல் நாள் கணக்குப்படி ஆலை சுத்தம். போன லாரிகள் எல்லாவற்றிலும் மேலே ததும்பத் ததும்ப மல்லாட்டைத் தோல். இதையே மூன்று நாளும் எழுதியிருந்தால் நான்காவது தடவையும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

இரண்டாம் நாள் போனபோது எனக்கு முன்பே அங்கே ஆட்கள் இருந்தார்கள். யாரோ சாணி தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். முந்தின நாள் ஒரு கெட்டிக்காரர், லாரி போகும்போது மட்டும் சாமி விரலை அசைக்கிறார் என்று கண்டுபிடித்திருக்கிறார். அதனால் எனக்கு 'லாரி சாமி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். டிரைவர்களுக்குச் செய்தி போய்விட்டது. மதியத்துக்குள் எலுமிச்சம்பழத்தோடு லாரிகள் வரிசை கட்டின.

அந்த ஆலைக்கு ஓட்டும் பழனி என்ற டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததால்தான் சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது.

"சாமி, மேல அரை அடிதான் மல்லாட்டைத் தோலு. கீழ பூரா மாமரம். போன சித்திரையில கூட காய்ச்ச தோப்பு சாமி. எனக்குப் பாவம் வருமா?"

அந்த நேரம் பின்னால் இன்னொரு லாரி போனது. பழக்கத்தில் கட்டை விரல் அழுத்திவிட்டது. கிளிக். பழனி அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். மனசு லேசானதில் மிச்சத்தையும் சொன்னார். காலையில் ஆலைக் குவியலிலிருந்து தோலை மூட்டை கட்டிக் கொடுத்துவிடுவார்கள். தோப்பில் மரத்தை ஏற்றி, மேலே தோலைப் பரப்பி, எடை மேடையில் கேமராவுக்குக் காட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். இறக்கும்போது தோல் திரும்பக் குவியலுக்கு, மரம் பாய்லருக்கு. மறுநாள் அதே தோல் மறுபடி கிளம்பும்.

அன்று என் காலில் விழுந்த பக்தர்கள் யாரையும்விட அந்தத் தோல்தான் அதிக முறை மலையைச் சுற்றியிருக்கும்.

எந்தக் கட்டத்தில் டிக்

அன்று மாலையே அலுவலகம் போனேன். எங்கள் கிளைத் தலைவர் ரேவதி மேடம் என்னைவிடப் பதினெட்டு வயது சிறியவர், என்னைவிடப் பத்து மடங்கு கறார். நான் சொன்னது முழுக்கக் கேட்டார். சிரிக்கவில்லை. அதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. ஆனால் நெற்றி விபூதியைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார்.

படிவத்தில் 'தகவல் பெறப்பட்ட விதம்' என்று ஒரு பகுதி உண்டு. ஆவணம், நேர்காணல், நேரடிப் பார்வை என்று மூன்று கட்டங்கள். இதில் எதில் டிக் போடுவது என்று கேட்டார். நேர்காணல் என்றேன். நீங்கள் என்ன கேள்வி கேட்டீர்கள் என்றார். ஒன்றும் கேட்கவில்லை என்றேன்.

"நீங்க யாருன்னு அவர்கிட்ட சொன்னீங்களா சார்?"

"இல்ல மேடம். வாயே தொறக்கல."

"அப்ப அவரு அசெஸர்கிட்ட சொல்லல. சாமிகிட்ட சொல்லியிருக்காரு. இத நாம எழுத முடியாது."

அவர் சொன்னதுதான் சரி. பொய் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான். ஒரு பொய்யும் சொல்லவில்லை, சும்மாதான் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மனிதன் அழுதுகொண்டு சொன்னதை அவனுக்குத் தெரியாமல் காகிதத்தில் ஏற்றினால் அது திருட்டு. நாளை பழனியிடம் நான் யார் என்று சொல்லிவிட்டு, விருப்பம் இருந்தால் எழுதித் தரச் சொல்லிக் கேட்பது என்று முடிவு செய்தேன். தரமாட்டார் என்றும் தெரியும். தந்தால் அவர் வேலை போய்விடும். தராவிட்டால் பொரி அடுப்பு போய்விடும்.

ரோஜா மாலை

மூன்றாம் நாள் காலையில் பழனி வரவில்லை. ஆலையின் ஜீப் வந்தது. அதிலிருந்து ரோஜா மாலையோடு தனசேகர் இறங்கினார்.

எழுந்து ஓடலாம் என்றால் சுற்றிலும் கூட்டம். அவர் என்னைப் பார்த்ததெல்லாம் மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு, இன் பண்ணிய சட்டையோடு. இப்போதும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்தபடியே மாலையை என் கழுத்தில் போட்டுவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, தரையைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்துவிட்டார்.

"சாமி, அடுத்த வாரம் ஒரு ஆபீசர் வராரு. பத்மராஜுன்னு பேரு. நல்ல மனுசன்தான், பப்பாளி குடுத்தா சாப்புடுவாரு. இந்த வருசம் வேணான்னுட்டாரு. அதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. அவரு கையெழுத்து போட்டுடணும் சாமி."

நிறுத்தவில்லை. தோல் எரித்தால் சாம்பல் உருகி பாய்லர் டியூப்களில் கிளிங்கராகக் கட்டுகிறது, நெருப்பு பிடித்துப் பிடித்து அணைகிறது, அதனால் மரம். மரம் என்று தெரிந்தால் சான்று இல்லை, அதனால் குவியல். எல்லாவற்றையும் மண்ணைப் பார்த்தே சொன்னார்.

என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"தனசேகர், அவ்ளோ தோலை வாங்கி வெச்சிருக்கீங்களே, அதுல பாதியையாவது எரிச்சிருக்கலாமே?"

லாரி சாமி வாய் திறந்த முதல் வார்த்தை அது. சாமி ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைக் கேட்டுக் கூட்டம் மொத்தமும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. தனசேகருக்கு மட்டும் அந்தக் குரல் தெரியும். தலையைத் தூக்கிப் பார்த்தார். தாடி, விபூதி, கழுத்தில் அவரே போட்ட ரோஜா மாலை.

பயப்படுவார் என்று நினைத்தேன். அவரோ என் கேள்விக்குப் பதில் சொல்வதில் குறியாக இருந்தார். அந்த முகத்தில் எரிச்சல்கூட இருந்தது.

"எரிச்சிட்டா அப்புறம் உங்களுக்கு இன்னா சார் காட்டறது?"

இருபத்து நான்கு வருடத்தில் எங்கள் தொழிலைப் பற்றி அதைவிடச் சரியான விமர்சனத்தை நான் கேட்டதில்லை. நாங்கள் குவியலைப் பார்க்க வந்தோம். அவர்கள் குவியலைக் காப்பாற்றினார்கள்.

மாலையைக் கழற்றி வைத்துவிட்டு அவரைக் கடைக்குப் பின்பக்கம் அழைத்துப்போய், நான் யார், ஏன் உட்கார்ந்திருந்தேன் என்று எல்லாம் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். நீங்கள் சொன்னதை உங்கள் சம்மதம் இல்லாமல் எழுதமாட்டேன், மறுத்துவிட்டால் அதோடு விட்டுவிடுகிறேன் என்றும் சொன்னேன். அவர் பார்வை அஞ்சலையின் அடுப்புப் பக்கம் போனது. அடுப்புக்குப் பக்கத்தில் கருகிப்போன பொரி ஒரு சாக்கு நிறையக் கிடந்தது. அவராகவே அஞ்சலையைக் கேட்டார், இவ்வளவு எப்படிக் கருகியது என்று. அஞ்சலை சொன்னார். தனசேகர் தலையைச் சொறிந்துகொண்டார்.

"நீங்க சாமி இல்லதான் சார். ஆனா நான் சாமிகிட்டதான சொன்னேன். இப்ப மாத்திப் பேசினா எனக்கு ஆவாது. குடுங்க, எழுதித் தரேன்."

பொரிக்கடை மேசை மேல் வைத்து, இரண்டு பக்கம், நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரேவதி மேடம் 'நேர்காணல்' கட்டத்தில் டிக் போட அனுமதித்தார். மறுநாள் ஆலையில் குவியலை நடுவில் தோண்டிப் பார்த்தோம். மேல் பாதி உலர்ந்திருந்தது. அடியில் மூன்று மழைக்காலம் ஊறிக் கறுத்துப்போய் எருவாகிக்கொண்டிருந்தது. பப்பாளி அவ்வளவு இனிப்பாக இருந்ததன் காரணமும் தெரிந்தது.

பன்னிரண்டாம் கேள்வி

சான்று நிறுத்தப்பட்டது. ஆலை திருந்திவிட்டது என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். காட்டுவதற்கு இனி அவசியம் இல்லை என்றதும் குவியல் அவர்களுக்கு இடைஞ்சலாகிவிட்டது, அவ்வளவுதான். வந்தவருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார்கள். உடைக்கும் மில்களும் பழையபடி வெளியே விற்க ஆரம்பித்தன. ஆலை இப்போது சவுக்குத் தோப்புக்காரர்களோடு பேசுகிறது. அதையும் யாராவது ரோட்டில் உட்கார்ந்துதான் எண்ண வேண்டும். தனசேகர் வேலையில்தான் இருக்கிறார். உண்மையை எழுதிக் கொடுத்தவரை நீக்கினால் அடுத்த சான்று கஷ்டம் என்று ரேவதி மேடம் ஆலைக்காரர்களிடம் ஒரு வார்த்தை போட்டு வைத்தார்.

ஐப்பசிக் கடைசியில், படிவத்தை முடிக்க அஞ்சலையின் வாக்குமூலம் வாங்கப் போனேன். தாடி எடுத்திருந்தேன். புங்கமரத்தடியில் யாரோ ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசி, மேலே எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். லாரிகள் அங்கே வேகத்தைக் குறைத்து ஒரு ஹார்ன் அடித்துவிட்டுப் போயின. என்னை ஒருவருக்கும் தெரியவில்லை.

பின்பக்கம் அடுப்பு தோலில் எரிந்துகொண்டிருந்தது. அஞ்சலை ஒரு பிடி தோலை அள்ளிக் காதருகே வைத்து நெரித்துப் பார்த்தார். சத்தம் சரியில்லாததை ஒதுக்கிப் போட்டார். ஒதுக்கியதில் நான் மீட்டரைச் சொருகிப் பார்த்தேன்; எல்லாம் ஈரம். மீட்டரைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் கேள்வியைப் படித்துக் காட்டி, அவர் பெயரை எழுதினேன். ஊர், அடுப்பு எத்தனை வருடம், மாதத்துக்கு எத்தனை மூட்டை எல்லாம் எழுதிக்கொண்டேன். அவர் அந்தக் கட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"போன வருசத்துக் காயிதத்துல இந்த எடத்துல இன்னா சார் எழுதியிருந்துச்சி?"

எழுதியது யார் என்று அவர் கேட்கவில்லை. நானே சொன்னேன்.

"யாரும் இல்லன்னு எழுதியிருந்தேம்மா. மூணு வருசமும்."

அவர் கோபப்படவில்லை. சட்டியில் மணலைக் கிளறிக்கொண்டே சொன்னார்.

"அப்பயும் இந்த அடுப்பு எரிஞ்சிக்கினுதான் சார் இருந்துச்சி. மரத்துப் பொக வேற. அந்த அட்டை மில்லு வாசல்ல நின்னா தெரியுமே."

தெரியும். மூன்று வருடமும் அந்த வாசலில் நின்று, தூரத்தில் அந்தப் புகையைப் பார்த்திருக்கிறேன். யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று நினைத்திருக்கிறேன்.

இனி இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். படிவத்தைப் பன்னிரண்டிலிருந்து தொடங்குங்கள். ஆலைக்குள் போகுமுன் சுற்றிலும் எங்கெங்கே புகை வருகிறது என்று பாருங்கள். அந்த அடுப்புகளுக்கு முதலில் போங்கள். சாமியாராக உட்கார வேண்டியதில்லை. யார் என்று சொல்லிவிட்டு, பிறகு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும், சொல்லிவிடுவார்கள். பழம் கொடுத்தால் அது எந்த மரத்துப் பழம் என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

அஞ்சலை முதல் ஈட்டுப் பொரியைச் சல்லடையில் சலித்து, மணல் போக உதறி, முறத்தில் கொட்டினார். ஒன்றுகூடக் கருகவில்லை. ஒரு காகிதத்தில் அள்ளி என்னிடம் நீட்டிவிட்டு மேற்கே பார்த்தார்.

"பொழுது எறங்கப் போவுது சார். அதுக்குள்ள சாப்ட்ருங்க."

நின்றபடியே சாப்பிட்டேன். கை சுட்டது.